மாதக் கணக்கு திறக்காத மூன்று வாரங்கள்: ஒரு தேயிலை ஆப்பிலிருந்து பிரவுசரைத் திறந்த அனுபவம்

2021 நவம்பர் கடைசி வாரம். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் வரும் ஓர் இலை கொள்முதல் ஷெட்டில், தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும். சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடை போடுகிற அண்ணன், ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று ஒவ்வொருவரிடமும் பேசி முடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெரியவர் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, இதுல மாசக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு பாரு. அமுக்கினா ஒண்ணும் வரல. பழைய போன்ல நல்லா வந்துச்சு. பையன் இதை வாங்கிக் குடுத்ததிலிருந்து வரல."

வாங்கி அமுக்கிப் பார்த்தேன். பட்டன் ஒரு கணம் லேசாக நிறம் மாறியது, பிறகு பழைய நிறத்துக்கே வந்துவிட்டது. அவ்வளவுதான். பிழைச் செய்தி இல்லை, சுற்றுகிற வட்டம் இல்லை, வெள்ளைத் திரை இல்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை. அதே நிற மாற்றம், அதே அமைதி. பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியலையோன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வாக்கியம் இன்னும் எனக்குள் இருக்கிறது. எங்கள் நிரல் செய்த தவறுக்கு அவர் தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டு மூன்று வாரம் இருந்திருக்கிறார். மொபைல் ஆப் எழுதுகிறவர்களுக்கு உதவும் என்பதால் இந்த நிகழ்வை முழுமையாக எழுதி வைக்கிறேன். ஆப்புக்குள்ளிருந்து ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பது, கேட்பதற்கு ஒரே ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைச் சரிசெய்ய எங்களுக்கு நான்கு சுற்று தேவைப்பட்டது.

ஆப் என்ன செய்கிறது

இப்பகுதியில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக 2020இல் எழுதிய ஆப் அது. அதற்கு இலை போடுகிறவர்கள் எல்லோரும் சிறு விவசாயிகள். ஷெட்டில் எடை போட்டதும் கிலோ எண்ணிக்கை ஆப்பில் பதிவாகும். அவர் போனிலும் தெரியும். இதுவரை எல்லாம் ஆப்புக்குள்ளேயே நடக்கும். மாத முடிவில் வருகிற கணக்கை மட்டும் வேண்டுமென்றே வலைப்பக்கமாக வைத்தோம்.

அதற்குக் காரணம் உண்டு. பசுந்தேயிலை விலை மாதா மாதம் மாறும். தேயிலை வாரியம் நீலகிரிக்கான குறைந்தபட்ச விலையை மாதந்தோறும் அறிவிக்கும். அதைப் பார்த்துத் தொழிற்சாலை தன் விலையைப் போடும். அதிலிருந்து முன்பணம், உரப் பாக்கி, வண்டி வாடகை எல்லாம் கழியும். எந்தக் கழிவு எந்தப் பெயரில் வரும் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்களே அவ்வப்போது மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆப்பைப் புதுப்பித்து, எல்லோரையும் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கச் சொல்வது நடக்காத காரியம். வலைப்பக்கம் என்றால் அலுவலகத்தில் மாற்றினால் போதும், எல்லோருக்கும் மாறிவிடும். தவிர, அந்தக் கணக்கின் பிடிஎஃப் பிரதி வங்கியில் கடன் கேட்கும்போது தேவைப்படும். பிரவுசரில் இருந்தால் சேமிக்கலாம், அச்செடுக்கலாம், மகனுக்கு அனுப்பலாம்.

இந்த முடிவு இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன். தவறு முடிவில் இல்லை, அந்த வாசலைக் கடக்க வைத்த விதத்தில்தான்.

தப்பான தடங்கள்

முதலில் சந்தேகப்பட்டது நெட்வொர்க்கை. கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை கனமாகவே கிடைக்கும். நவம்பரில் சிக்னல் போவதும் வருவதும் வழக்கம். ஷெட்டுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். பெரியவரை என் வீட்டுக்கு அழைத்துவந்து வைஃபையில் இணைத்துப் பார்த்தேன். அதே அமைதி. மகன் வாங்கித் தந்த போன் மலிவான கம்பெனி என்பதால் அதன் மேலும் சந்தேகம் வந்தது. எடை போடுகிற அண்ணனிடம் சொல்லி, இதே புகார் உள்ளவர்களை விசாரித்தோம். எட்டுப் பேர் வந்தார்கள். நான்கு வேறு வேறு கம்பெனிப் போன்கள். அதுவும் இல்லை.

மூன்றாவதாகத்தான் செய்ய வேண்டியதைச் செய்தோம்: சர்வர் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். அந்த எட்டுப் பேர் போனிலிருந்தும் மாதக் கணக்குப் பக்கத்துக்கு ஒரு கோரிக்கைகூட வந்திருக்கவில்லை. மெதுவாக வரவில்லை, பாதியில் அறுந்தும் போகவில்லை, புறப்படவே இல்லை. முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் நெட்வொர்க் பின்னாலும் போன் கம்பெனி பின்னாலும் ஓடியிருக்க வேண்டாம். இப்படி ஒரு புகார் உங்களுக்கு வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். கோரிக்கை சர்வருக்கு வந்ததா? வரவில்லை என்றால் கோளாறு போனுக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறித்தோம். எட்டுப் பேருக்கும் ஆண்ட்ராய்டு 11. திறக்கிறது என்று சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு 9 அல்லது 10. ஆனால் ஒருவருக்கு மட்டும் 11 இருந்தும் ஒழுங்காகத் திறந்தது. அவர் போனைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அவர் ஆப்பைப் புதுப்பிக்கவே இல்லை! டேட்டா தீர்ந்துவிடும் என்று ஆட்டோ அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார். அக்டோபர் பதிப்பிலேயே இருந்தார்.

அதாவது, கோளாறு புதிய ஆண்ட்ராய்டால் மட்டும் வரவில்லை, புதிய ஆப்பால் மட்டும் வரவில்லை. இரண்டும் ஒரே போனில் சேர்ந்தால்தான் வந்தது.

நடந்தது இதுதான்

2021 நவம்பரிலிருந்து, பிளே ஸ்டோரில் ஏற்கெனவே உள்ள ஆப்பைப் புதுப்பிக்க வேண்டுமானால் அது ஏபிஐ 30ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 11ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. நாங்களும் நவம்பர் முதல் வாரத்தில் அந்த இலக்கைக் குறிக்கும் டார்கெட் எஸ்டிகே எண்ணை 29இலிருந்து 30ஆக மாற்றிப் பதிப்பை ஏற்றினோம். ஒரே ஒரு எண். வேறு எதையும் தொடவில்லை. என் சோதனைப் போன் ஆண்ட்ராய்டு 10. அதில் எல்லாம் ஓடியது.

ஆண்ட்ராய்டு 11இல் ஒரு முக்கியமான மாற்றம் வந்திருந்தது. அதற்கு முன், ஒரு போனில் வேறு என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்று எந்த ஆப்பும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இது கேட்க எளிமையாக இருந்தாலும் ஆபத்தானது. ஒருவர் போனில் எந்த வங்கி ஆப், எந்தக் கடன் ஆப், எந்த மருத்துவ ஆப் இருக்கிறது என்பதை வைத்தே அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடலாம். அதனால் 11இலிருந்து, ஏபிஐ 30ஐ இலக்காக வைத்த ஆப்களுக்கு மற்ற ஆப்களில் பெரும்பாலானவை தெரியாது. யாரைப் பார்க்க வேண்டும் என்று, ஆப் தன்னைப் பற்றி சிஸ்டத்துக்கு அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால்தான் தெரியும். நியாயமான ஏற்பாடு. மனதார ஆதரிக்கிறேன்.

எங்கள் ஆப், ஆப் எழுதும் கருவிகளில் ஒன்றான ஃபிளட்டரில் எழுதியது. வலைப்பக்கம் திறக்க யூஆர்எல் லாஞ்சர் என்ற பிளகினை (பிறர் எழுதித் தயாராக வைத்திருக்கும் நிரல் துண்டை) பயன்படுத்தினோம். நிரல் இப்படிப் போகும்: முதலில் 'இந்த முகவரியைத் திறக்க இந்தப் போனில் யாராவது உண்டா?' என்று கேட்கும். உண்டு என்று பதில் வந்தால் திறக்கும். கேட்கிற வேலையை கேன்லாஞ்ச் செய்யும், திறக்கிற வேலையை லாஞ்ச் செய்யும். எல்லோரும் காட்டுகிற மாதிரி நிரலில் மூன்றாவதாக ஒரு கிளையும் இருக்கும்: இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது. அந்த 'இல்லையென்றால்' கிளையை நாங்கள் எழுதவே இல்லை. பிரவுசர் இல்லாத போன் எங்கே இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டோம்.

ஆண்ட்ராய்டு 11 வந்தபின், பெரியவர் போனில் பிரவுசர் இருந்தும் எங்கள் ஆப்பின் கண்ணுக்கு அது தெரியவில்லை. 'யாராவது உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தது. இல்லை என்றால் செய்ய எதுவும் எழுதப்படவில்லை. அதனால் எதுவும் நடக்கவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. திறக்கிறவர் யார் என்று கேட்பதற்குத்தான் தடை. நேராகத் திறக்கச் சொல்வதற்குத் தடையே கிடையாது. 'இந்த முகவரியைக் காட்டு' என்று ஆக்ஷன் வியூ இன்டென்ட் என்ற வேண்டுகோள் ஒன்றை சிஸ்டத்திடம் கொடுத்தால், பிரவுசர் நம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சிஸ்டம் அதைத் திறந்துவிடும். நாங்கள் கேள்வியே கேட்காமல் இருந்திருந்தால், இந்த மூன்று வாரமும் கணக்கு திறந்துகொண்டே இருந்திருக்கும்.

இதை உறுதிசெய்ய லேப்டாப்பில் கேபிள் போட்டு, ஏடிபி (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் அதே முகவரியை அதே போனில் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குரோம் திறந்து கணக்கு வந்தது. "வந்துருச்சே!" என்றார். பிரவுசர் நலமாக இருந்தது, பக்கமும் இருந்தது, நடுவிலிருந்த எங்கள் கேள்விதான் தடுத்தது.

அவசரத்தில் எடுத்த வழி

இந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம் முழுதாகப் புரிவதற்கு முந்தைய நாளே, கோயம்புத்தூரில் இருக்கும் என் சக நிரலாளர் ஒரு தற்காலிகத் தீர்வை ஏற்றிவிட்டிருந்தார். அதே லாஞ்ச் கட்டளையில் ஒரு மதிப்பை மாற்றினால் பக்கம் வெளி பிரவுசருக்குப் போகாமல் ஆப்புக்குள்ளேயே வெப்வியூவில் திறக்கும். வெளியே போக முடியாவிட்டால் உள்ளேயே காட்டிவிடலாம், உள்ளே காட்ட 'யாராவது உண்டா' என்று கேட்கவும் வேண்டாம் என்று அந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பக்கம் திறந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாளே அடுத்த புகார்: "கணக்கு தெரியுது, பேப்பர் வரல." பேப்பர் என்றால் பிடிஎஃப்.

வெப்வியூ பார்ப்பதற்குப் பிரவுசர் மாதிரியே இருக்கும். ஆனால் அது பிரவுசரின் வரைகிற பாகம் மட்டும்தான். மற்றவை எல்லாம் ஆப் எழுதுகிறவர் சேர்த்துக் கொடுக்க வேண்டியவை. ஆண்ட்ராய்டு வெப்வியூ பிடிஎஃப்பைத் தானாகக் காட்டாது. இறக்கவும் செய்யாது, அதற்கென்று ஒரு லிசனர் (இறக்கச் சொல்வதைக் கவனித்துக்கொண்டிருக்கும் நிரல்) எழுதி, கோப்பை யார் எங்கே சேமிப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். 'புகைப்படம் சேர்' என்று பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தால் அதற்கும் தனியாக எழுத வேண்டும். உரப் பாக்கியை யுபிஐயில் கட்டுகிற இணைப்பு எங்கள் பக்கத்தில் இருந்தது. பிரவுசரில் அதைத் தொட்டால் பணம் கட்டும் ஆப் திறக்கும். வெப்வியூவில் தொட்டால், இந்த மாதிரி முகவரி எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பிழைப் பக்கம் வந்து நின்றது. வாட்ஸாப்பில் பகிர்கிற பட்டனுக்கும் அதே கதி.

இவையெல்லாம் எழுதித் தீர்த்துவிடக்கூடியவை. எழுதித் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. வெப்வியூவில் முகவரிப் பட்டை இல்லை. எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதைவிட, வெப்வியூவைத் திறந்த ஆப்பால் உள்ளே தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடியும். நாங்கள் படிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆப்புக்குள் ஓடிபி தட்டிப் பழகிய ஒருவர், நாளை வேறு எந்த ஆப் இதே மாதிரி ஒரு பக்கத்தைக் காட்டினாலும் யோசிக்காமல் தட்டுவார். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பவர்களாக நாங்கள் இருக்கக்கூடாது.

இது என் தனிப்பட்ட பயம் மட்டும் இல்லை. உள்நுழைவுக்கு ஆப்புக்குள் பொதித்த வெப்வியூவைப் பயன்படுத்தாதீர்கள், வெளி பிரவுசரைப் பயன்படுத்துங்கள் என்று 2017 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8252 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. கூகுள் கணக்கில் நுழைகிற பக்கம் இப்படிப்பட்ட வெப்வியூவில் திறந்தால் கூகுளே அதை மறுத்துவிடுகிறது. அலுவலகத்தில் இரண்டு பேர் கூகுள் கணக்கில் நுழைந்துதான் கணக்குப் பக்கத்தைத் திருத்துவார்கள். அவர்களுக்கு எங்கள் தற்காலிகத் தீர்வு முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை.

சரியான வாசல்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: கஸ்டம் டேப்ஸ். 2015இல் குரோம் 45உடன் வந்தது. திறப்பது உண்மையான பிரவுசர்தான். ஆனால் ஆப்பை விட்டு வெளியே எறியாமல், ஆப்பின் மேலேயே ஒரு தாள் போலத் திறக்கும். மேலே முகவரி தெரியும். இடது மூலையில் ஒரு பெருக்கல் குறி, தொட்டால் ஆப்புக்குத் திரும்பிவிடலாம். பிரவுசரில் ஏற்கெனவே நுழைந்திருந்தால் அந்த குக்கீகள் (உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) இங்கேயும் செல்லும். பிடிஎஃப் இறங்கும், யுபிஐ திறக்கும், எதையும் நாம் எழுத வேண்டியதில்லை. உள்ளே தட்டுவதை ஆப்பால் பார்க்கவும் முடியாது. ஐபோனில் இதே வேலையை, அதே 2015இல் ஐஓஎஸ் 9உடன் வந்த சஃபாரி வியூ கன்ட்ரோலர் செய்கிறது. ஐஓஎஸ் 11இலிருந்து அதன் குக்கீகள் சஃபாரியிலிருந்து தனி என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

டிசம்பர் நடுவில் ஏற்றிய பதிப்பில் ஒழுங்கு இப்படி ஆனது. பட்டனைத் தொட்டதும் யாரிடமும் கேட்காமல் கஸ்டம் டேப் திறக்க முயல்வோம். முடியாவிட்டால் சாதாரண பிரவுசரைத் திறக்க முயல்வோம். அதுவும் முடியாமல் பிழை வந்தால், அந்தப் பிழையைப் பிடித்து, 'இந்தப் போனில் பிரவுசர் கிடைக்கவில்லை. கணக்கின் முகவரி கீழே. தொட்டுப் பிரதி எடுக்கலாம்' என்று தமிழில் காட்டுவோம். அதன் கீழேயே ஷெட் தொலைபேசி எண்.

கஸ்டம் டேப்ஸ் ஆதரிக்கும் பிரவுசர் எது என்று தேட வேண்டியிருப்பதால், மேனிஃபெஸ்டில் குவெரீஸ் பகுதியில் இரண்டு வரி சேர்த்தோம்: எச்டிடிபிஎஸ் முகவரியைப் பார்க்கக்கூடியவை, கஸ்டம் டேப்ஸ் சேவை தருபவை. எல்லா ஆப்களையும் பார்க்க அனுமதி கேட்கிற குறுக்கு வழியும் ஒன்று உண்டு. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும் என்று பலர் அதைப் பரிந்துரைப்பார்கள். பிளே ஸ்டோர் அதற்குத் தகுந்த காரணம் கேட்கும். காரணம் கேட்காவிட்டாலும் அதைச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. ஒரு கணக்கைக் காட்டுவதற்காக ஒரு விவசாயியின் போனில் உள்ள எல்லாவற்றையும் எட்டிப்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பிரவுசர் கிடைக்காத போன் உண்மையிலேயே இருக்கிறதா என்றால், இருக்கிறது. இரண்டு பார்த்தோம். போனில் இடம் போதவில்லை என்று பேரன் குரோமை முடக்கி வைத்திருந்தான். வேறு பிரவுசரும் இல்லை. முன்பு 'யாருக்குத்தான் பிரவுசர் இருக்காது' என்று நாங்கள் எழுதாமல் விட்ட கிளை, அந்த இரண்டு பேருக்காகவே எழுதப்பட வேண்டியதாக இருந்தது.

கஸ்டம் டேப்ஸால் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. 2 ஜிபி ராம் உள்ள போன்களில் வெளி பிரவுசர் திறந்தவுடன் சிஸ்டம் எங்கள் ஆப்பை நினைவிலிருந்து நீக்கிவிடும். திரும்பி வந்தால் ஆப் முதலிலிருந்து தொடங்கி மறுபடி ஓடிபி கேட்கும். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வருவதற்குள் மனிதருக்குப் பொறுமை போய்விடும். கஸ்டம் டேப் திறந்திருக்கிற வரை, அதைத் திறந்த ஆப்புக்கும் சிஸ்டம் முக்கியத்துவம் கொடுத்து வைத்திருக்கும். எளிதில் நீக்காது. இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பதைச் சேமித்து வைக்கவும் எழுதினோம். டெவலப்பர் அமைப்புகளில், திரையை விட்டு நகர்ந்த உடனே ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் அந்தத் திரையை, அழித்துவிடுகிற ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிச் சோதித்தால் மலிவான போனில் நடப்பது நம் போனிலேயே தெரிந்துவிடும்.

முகவரிக்குள் இருந்த ஊர்

பிரவுசர் திறப்பது சரியான பிறகும் வேறொரு ஷெட்டைச் சேர்ந்த சிலருக்குக் கணக்கு வெறுமையாக வந்தது. ஐபோன் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு எதுவுமே திறக்கவில்லை. அவர்கள் வெளியூரில் வேலை செய்துகொண்டு அப்பா அம்மாவின் கணக்கைப் பார்க்கிற பிள்ளைகள்.

பக்கத்தின் முகவரியிலேயே ஷெட்டின் பெயரைத் தமிழில் சேர்த்திருந்தோம். வலை முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. ஒவ்வொரு குறியீடும், எழுத்துகளைக் கணினியில் வைக்கும் முறையான யுடிஎஃப் 8இல் மூன்று பைட் ஆகும், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்தாக மாறும். 'கோத்தகிரி' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குக் க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று ஒன்பது குறியீடு. 27 பைட். முகவரியில் 81 எழுத்து. இந்த மாற்றத்தைச் சில இடங்களில் செய்திருந்தோம், சில இடங்களில் விட்டுவிட்டோம். ஆண்ட்ராய்டு பொறுத்துக்கொண்டது. அன்றைய ஐஓஎஸ் பொறுக்கவில்லை. இப்படி மாற்றாத முகவரியை அது முகவரியாகவே ஏற்காது. ஐஓஎஸ் 17இல்தான் அதைத் தானாக மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. இன்னொரு ஷெட்டின் பெயரில் இரண்டு ஊர்களுக்கு நடுவில் 'அண்ட்' குறி இருந்தது. முகவரியில் அந்தக் குறி வந்தால் அடுத்த விவரம் தொடங்குகிறது என்று அர்த்தம். பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, அப்படி ஒரு ஷெட்டே இல்லை என்று சர்வர் வெறுங்கணக்கைக் காட்டியது.

எங்கெங்கே மாற்றம் விட்டுப்போயிருக்கிறது என்று தேடித் திருத்தலாம். அதைவிட நல்லது, பெயரையே முகவரியில் வைக்காதது. ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஓர் எண் கொடுத்தோம். பெயர் பக்கத்துக்குள் மட்டும் வரும், தமிழிலேயே, அண்ட் குறியோடு.

அந்த முகவரியில் அதைவிடக் கவலைப்பட வேண்டிய ஒன்றும் இருந்தது. ஆப்பில் ஏற்கெனவே உள்நுழைந்தவர் பிரவுசரிலும் மறுபடி நுழையக்கூடாது என்பதற்காக, அவருடைய டோக்கனை (நுழைந்தவர் இவர்தான் என்று காட்டும் சாவியை) முகவரியின் கடைசியில் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். அது ஒரு மாதம் செல்லும். இணைப்பை யாரும் பகிராதவரை இது எங்கள் கண்ணில் படவில்லை. பிரவுசர் மறுபடி திறக்கத் தொடங்கியதும் ஒருவர் தன் கணக்கை மகளுக்கு அனுப்ப நினைத்து இணைப்பைப் பகிர்ந்தார். அது தவறிப்போய் ஊர் வாட்ஸாப் குழுவில் விழுந்தது. தொட்ட எல்லோருக்கும் அவர் எவ்வளவு இலை போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிட்டது. ஒருவருடைய கடன் ஊருக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. அன்று இரவே எல்லா டோக்கன்களையும் ரத்து செய்தோம். நானும் அலுவலக மேலாளரும் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது பட்டனைத் தொடும்போது சர்வரிடமிருந்து ஒரு முறை மட்டும் செல்லும் குறியீடு வாங்குகிறோம். இரண்டு நிமிடம்தான் அதன் ஆயுள். பிரவுசர் அதைக் கொடுத்ததும் சர்வர் ஒரு குக்கீ தந்து, குறியீடு இல்லாத சுத்தமான முகவரிக்கு மாற்றிவிடும். அதற்குப் பிறகு யார் இணைப்பைப் பகிர்ந்தாலும் மற்றவருக்கு உள்நுழைவுப் பக்கம்தான் வரும்.

இதில் ஓர் எச்சரிக்கை. நெட்வொர்க் மெதுவாக இருக்கும் ஊர்களுக்கென்று கஸ்டம் டேப்ஸில் ஒரு வசதி உண்டு: இந்தப் பக்கத்தை விரைவில் திறக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால், பிரவுசர் அதை முன்னதாகவே கொண்டுவந்து வைக்க முயலலாம். ஒரு முறை மட்டும் செல்லும் குறியீட்டோடு இதைச் சேர்த்தால், பயனர் தொடுவதற்கு முன்பே குறியீடு செலவாகிவிட வாய்ப்பிருக்கிறது. அதனால் பிரவுசரை முன்கூட்டியே எழுப்பி வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். குறியீடு உள்ள முகவரியை முன்னதாகச் சொல்வதில்லை. எழுப்பி வைப்பதே மலைச்சரிவில் நல்ல வித்தியாசம் தருகிறது.

இப்போது

ஒவ்வொரு பதிப்பும் ஏற்றுவதற்கு முன் மூன்று போன்களில் பட்டனைத் தொட்டுப் பார்க்கிறோம்: ஆண்ட்ராய்டு 10இல் ஒன்று, சந்தையில் இருப்பதிலேயே புதிய ஆண்ட்ராய்டில் ஒன்று, குரோம் முடக்கிய ஒன்று. டார்கெட் எஸ்டிகே எண்ணை மட்டும் மாற்றிய பதிப்பு என்றாலும் சரி, மூன்றிலும் பார்ப்போம். அந்த எண் மாறும் நாளில்தான் சிஸ்டத்தின் புதிய விதிகள் நம் பழைய நிரலின் மேல் விழுகின்றன. பட்டன் தொட்டது, பக்கம் சர்வருக்கு வந்தது இரண்டையும் எண்ணுகிறோம். தொட்டது நிறைய, வந்தது குறைவு என்றால் அன்றே எங்களுக்குத் தெரிந்துவிடும். நவம்பரில் இந்த ஓர் எண்ணிக்கை இருந்திருந்தால் பெரியவர் மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்திருக்காது.

குரோம் முடக்கிய அந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் பேரன் அதை மறுபடி இயக்கித் தந்துவிட்டான். இன்னொருவர் வேண்டாம் என்றுவிட்டார். "எனக்கு எழுதியே குடுத்துடும்மா, அதான் பழக்கம்" என்றார். அவருக்கு மாதம் முதல் வாரம் எடை போடுகிற அண்ணன் கணக்கை அச்செடுத்து, மடித்து, அவர் பெயர் எழுதி, தராசு மேசையின் இழுப்பறையில் வைக்கிறார்.